பகல் ஒன்று நாற்பத்தெட்டு வரை ஆயில்யம்

குழாயைத் திருகினான். தண்ணீர் வரவில்லை.

ஓங்கார் வியாஸ் மறுபடி திருகினான். குழாய் இருமிவிட்டுக் காற்றைத் துப்பியது. மணி பன்னிரண்டு ஐம்பது. ஆயில்யம் முடிய இன்னும் ஐம்பத்தெட்டு நிமிடம்.

வெளியே ஸ்கூட்டரில் கட்டிய சாக்கில் இருபத்தாறு பாட்டில்கள். சிப்ரா நதிப் படித்துறைத் தண்ணீர், கோயில் கிணறுகள், குளங்கள், ஒரு பெட்ரோல் பங்கின் போர் தண்ணீர்கூட. சாந்திக்கு வேண்டிய இருபத்தேழாவது தண்ணீருக்கு உஜ்ஜயினியில் வேறு இடமா இல்லை? கால்கள் இந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் வந்து நின்றன. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. ரேவா போனதிலிருந்து அவன் எதையுமே யோசிக்கவில்லை.

போன் அலறியது. சந்தா. அவன் அக்கா.

"எங்கடா இருக்க? பண்டிட்ஜி ஹோமம் ஆரம்பிச்சாச்சு."

"தண்ணி பிடிக்கிறேன், ஜீஜி."

"இருபத்தேழு நாள் இருந்துச்சு. இன்னிக்குத்தான் உனக்குத் தாகம் எடுத்துச்சா?"

"ம்."

"இந்த 'ம்'மைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சீக்கிரம் வா!"

வாளியோடு வந்த ஆயா பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்த ரேவாவோட வீட்டுக்காரர்தானே? பொண்ணு யார் ஜாடை?"

"இன்னும் பார்க்கல."

அவள் அதிசயப்படவில்லை. "மூலமா? ஆயில்யமா?"

"ஆயில்யம்."

"அடப் பாவமே" என்றாள். அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. நான்காக மடித்த காகிதம் அங்கேயே இருந்தது. ஸ்கூட்டரை உதைத்தான்.

கடக ராசி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. புனர்பூசத்தின் கடைசிப் பாதம், பூசம், ஆயில்யம் என்று நண்டு வீட்டுக்கு மூன்று அறை. பூசத்தில் வந்த பிள்ளையைத் தகப்பன் அன்றைக்கே மடியில் வாங்கலாம். ஆயில்யத்தில் வந்ததை, சந்திரன் ஒரு சுற்று முடித்து மறுபடி ஆயில்யத்துக்குத் திரும்பிச் சாந்தி செய்யும்வரை பார்க்கக்கூடாது. பிறந்த நேரம் என்ன என்று பண்டிட் நந்தராம் கேட்டபோது, ஓங்கார் "காலை ஆறு இருபத்தஞ்சு" என்றான். பண்டிட்ஜி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பூசம் ஆறு பத்து வரை. உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பஞ்சாங்கத்துக்குப் பதினோரு வருடமாக ப்ரூஃப் பார்க்கிறவன் ஓங்கார்தான்.

குழந்தை மாடியில் சந்தாவோடு இருந்தது. அவன் கீழே இருந்தான். அழுகை மட்டும் படியிறங்கி வரும். கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். உப்பு இல்லை என்றுகூட அவனுக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் ஜீப். சந்தாவின் கணவர் பிரகலாத் அதன் மேல் சாய்ந்து பான் மென்றுகொண்டிருந்தார்.

"வாங்க மகாராஜா! ஊர்த் தண்ணியெல்லாம் காலியா?"

"ஜீப் எதுக்கு ஜீஜாஜி?"

"எதுக்கா? போன வாரம் தலையாட்டினது யாரு? சாந்தி முடிஞ்ச கையோட கொழந்தை இந்தூர் அநாதை ஆசிரமத்துக்குப் போகுது. அங்க பேசியாச்சு. உங்க அக்காவுக்கு நாலு நாள் காய்ச்சல் அடிச்சுது, பார்த்தேல்ல? பெத்தவளைத் தின்னாச்சு, வளர்க்கிறவளையும் விடுமா? எனக்கு ரெண்டு பசங்க இருக்கானுங்க. அவங்களுக்கு அம்மா வேணும்." பானைத் துப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கால் மணி முன்னாடி பொறந்திருந்தா பூசம். ராணி மாதிரி இங்கேயே இருந்திருப்பா. என்ன செய்ய?"

"ம்" என்றான் ஓங்கார்.

முற்றத்தில் புகை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, வேட்டியோடு மணையில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் சந்தா குழந்தையோடு உட்கார்ந்தாள். இருபத்தேழு தண்ணீரும் ஒரே குடத்தில் கலந்து, சல்லடை வழியாக அவர்கள் தலையில் இறங்கின. குழந்தை வீறிட்டது. இத்தனை பக்கத்தில் அந்தச் சத்தத்தை அவன் கேட்டதில்லை. தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணு முப்பத்தஞ்சு. கிண்ணத்தை எடுங்க" என்றார் பண்டிட்ஜி.

வெண்கலக் கிண்ணம் நிறைய கடுகெண்ணெய். முதலில் நிழலைத்தான் பார்க்க வேண்டும். சந்தா அவன் தோளுக்கு மேலே குழந்தையை நீட்டினாள்.

"குனிஞ்சு பாருடா. கண்ணை மூடிக்கிட்டா எப்படி?"

திறந்தான். மஞ்சள் எண்ணெயில் ஒரு மூக்கு ஆடியது. ஈரத் தலைமுடி. அழுது ஓய்ந்த வாய் பெரிதாகக் கொட்டாவி விட்டது. ரேவா ஜாடை இல்லை. யார் ஜாடையும் இல்லை. யாரோ ஒரு புது ஆள்.

"சரி. இப்ப திரும்பி நேரா பாருங்க."

வாசலில் ஜீப் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். சந்தா மூக்கை உறிஞ்சினாள். குழந்தையின் துணிகளை மடித்து வைத்த பை அவள் பக்கத்திலேயே இருந்தது.

ஓங்கார் எழுந்தான்.

"எங்கடா போற? பாதியில எழுந்திருக்கக் கூடாது!"

ஈரம் சொட்டச் சொட்ட ஆணிக்குப் போனான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பண்டிட்ஜியிடம் நீட்டினான். ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"பெண் குழந்தை. பிறப்பு காலை ஐந்து நாற்பத்தொன்று." அடுத்த வரியில் குரல் இறங்கியது. "தாய் இறப்பு, ஆறு இருபத்தைந்து."

சந்தாதான் முதலில் விழித்துக்கொண்டாள்.

"அஞ்சு நாப்பத்தொண்ணுன்னா பூசம்தானே? என்னங்க, அந்த ஜீப்பை அனுப்புங்க. காதுல விழுதா? அனுப்புங்க!"

முற்றத்து ஓரமாக நின்றிருந்த பிரகலாத் வாசலுக்கு நடந்தார்.

"துக்கத்துல நேரத்தை மாத்திச் சொல்லிட்டீங்களா?" பண்டிட்ஜி கேட்டார்.

"இல்ல, பண்டிட்ஜி. தெரிஞ்சுதான் சொன்னேன்." ஓங்காரின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "பூசம் ஆறு பத்து வரை. அந்தப் பக்கத்துக்கு நான்தான் ப்ரூஃப் பார்த்தேன். பூசம்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே இவ மொகத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பீங்க."