கைமாத்து

பிபிஏவில் மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்ன அன்று சித்தி கேட்டாள், "அது ஆளைச் சேக்கிற படிப்பா, ஆளைத் தூக்குற படிப்பா?" சேர்க்கிற படிப்புதான் என்று அடித்துச் சொன்னேன். ஆளைச் சேர்ப்பது, பழக்குவது, குறை கேட்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அதில் வரும் என்று வாய் கிழிய விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எங்க சூப்பர்வைசருக்கு மொதல்ல சொல்லிக் குடு" என்றாள். நானும் அம்மாவும் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவும் சித்தியும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்பும் இடம். நடுக்கூடத்தில் ஒரு பெரிய இஸ்திரி மெஷின் இருக்கிறது. உருளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உருளைக்கு ஐந்து பெண்கள், அம்மாவும் சித்தியும் அதில் இரண்டு பேர். பிழிந்து முறுக்கிக் கிடக்கும் ஈர விரிப்புகளை ஒருத்தி உதற வேண்டும். இரண்டு பேர் ஓரம் பிடித்து உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் சூடாக வருவதை இரண்டு பேர் மடிக்க வேண்டும். மணிக்கொரு முறை இடம் மாற வேண்டும் என்பது விதி. உதறுகிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருடைய கையும் தாங்காது.

சித்தியின் வலது மணிக்கட்டு இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. எனக்குப் பள்ளிக்கூட நாட்களில் இரட்டை ஜடை பின்னிவிட்ட கையால் இப்போது ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். வேறு எந்த இடத்திலும் அந்தக் கையோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் மற்ற நாலு பேரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, தானாக நடந்தது. சித்தி மடிக்கிற மேசை ஓரத்தில் நின்று அடுக்குகளைச் சரிசெய்து அடையாளச் சீட்டுக் கட்டுவாள். நாலு பேர் மாறி மாறி ஐந்து இடத்தையும் பார்த்துக்கொள்வார்கள். வெளியில் கைமாத்து என்றால் அவசரத்துக்கு வாங்குகிற சின்னக் கடன். உருளைக்கு முன்னால் அதற்கு அர்த்தம் வேறு. "கைமாத்து" என்று யாராவது மெதுவாகச் சொன்னால், அடுத்த முறை உதறல் அவளுடையது என்று பொருள்.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். எங்களுக்கு வழிகாட்டி பாலிசி சார். எதைக் கேட்டாலும் "பாலிசி என்ன சொல்லுது?" என்று திருப்பிக் கேட்பதால் வந்த பெயர். நல்ல ஆசிரியர், அதையும் சொல்லிவிட வேண்டும். வேலைப் பகுப்பாய்வு என்ற பாடத்தை அவர் நடத்தியபோது எனக்குப் புல்லரித்தது. ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பார், செய்கிறவரிடமே கேள், நிமிஷக் கணக்கில் எழுது, அந்த வேலைக்கு மரியாதை தானாக வரும் என்றார். நான் அந்த இடத்திலேயே உருளையைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவும் சித்தியும் செய்கிற வேலையைப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

பேட்டிக்குப் போகுமுன் ஊழியர்களிடம் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். 'தாங்கள் தரும் தகவல்கள் கல்விக்கு மட்டுமே பயன்படுத்தப்படும். ரகசியம் காக்கப்படும்' என்று அதில் இருந்தது. அந்த உறுதிக்குக் கீழே முதலில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவர்களிடம் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னவரே சார்தான். பெயர் போடாதே, எண் போடு என்றார். பேரை எடுத்துவிட்டால் ஆளே காணாமல் போய்விடுவார் என்று சொல்லிச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது.

நிர்வாகத்திடம் அனுமதி வாங்க இன்னொரு கடிதம் வேண்டும். துறையின் கம்ப்யூட்டரில் சீனியர்கள் வைத்துவிட்டுப் போன ஒரு கடிதம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் மாற்றி, அச்சடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். யாரும் அதைக் கடைசிவரை படித்ததில்லை. நானும் படிக்கவில்லை.

மூன்று நாள் உருளை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு எழுதினேன். சித்தியின் பேட்டியை அவள் வீட்டிலேயே எடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓர் அறையில் தனியாக இருந்தாள். ஒப்புதல் தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கோழி கிண்டின மாதிரி இருக்கு, உன் காலேஜ்ல ஒத்துக்குவாங்களா?" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்த ஒன்றையும் என்னிடம் சொன்னாள். சூப்பர்வைசர் வரும்போது வலது கையைச் சும்மா துணி மேல் வைத்துக்கொண்டு இடது கையால் இழுப்பாளாம், தூரத்திலிருந்து பார்த்தால் மடிக்கிற மாதிரியே தெரியுமாம். சொல்லிவிட்டு ஏதோ திருட்டு மாங்காய் அடித்தவள் போலச் சிரித்தாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

கைமாத்து பற்றிய என் பக்கத்தைப் படித்துவிட்டு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அபாரமான கண்டுபிடிப்பு, ஆனால் இதைப் பாடத்தின் மொழியில் சொல் என்றார். அட்டவணையில் இரண்டு கட்டங்கள் காலியாக இருப்பதையும் காட்டினார். தேவைப்படும் ஆட்கள், இருக்கும் ஆட்கள். அதை நிரப்பாவிட்டால் பரிந்துரைப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாலு, ஐந்து என்று எழுதினேன். ஐந்து பேர் வேலையை நாலு பேர் ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லாமல் செய்கிறார்கள், இது எவ்வளவு பெரிய கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுவதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருஷம் இந்தப் பாடத்தைப் படித்தவளுக்கு அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு.

ஒரு மாதம் கழித்து சித்தியை எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நடந்ததை அம்மா எனக்குச் சொன்னாள். அம்மாவுக்கு அதைச் சொன்னவள், அந்த அறை வாசலில் நின்று கேட்ட நெட்டை அக்கா, உருளை வரிசையில் நிற்பவள். எச்ஆர் மேடம் தன்மையாகத்தான் பேசினாராம். தண்ணீர் கொடுத்தாராம். பிறகு ஒரு தாளைப் பார்த்து, "இங்க கைமாத்துன்னு ஒரு முறை இருக்காமே" என்று ஆரம்பித்து, துணி மேல் கையை வைத்துக்கொள்வதுவரை வாசித்தாராம். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். சித்தி வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்து, "நீயாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறாள் என்று அம்மா நினைத்தாள். அப்புறம் சித்தி போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கவில்லை.

"வரிசையில இருக்கிற எவளோ கழுத்தறுத்துட்டா," என்றாள் அம்மா. "ஆனா அந்தத் துணி சமாச்சாரம் எனக்கு மட்டும்தானே தெரியும். அவ என்னைத்தானே நெனப்பா."

அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த வாக்கியம் என் ப்ராஜெக்டில் இருபத்திமூன்றாம் பக்கத்தில், 'ஊழியர் 5' என்ற தலைப்புக்குக் கீழே, மேற்கோள் குறிகளோடு இருப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. முதலில் சாரைக் கேட்கலாம், எங்கோ தப்பு நடந்திருக்கும், அவரே பேசிச் சரிசெய்துவிடுவார் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். சார் ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். பதினோரு நாள் காத்திருந்தேன். அதற்குள் அம்மா நெட்டை அக்காவோடு சண்டை போட்டாள். நெட்டை அக்கா இன்னொருத்தியோடு சண்டை போட்டாள். நாலு பேரும் பேசிக்கொள்ளாமல் உருளைக்கு முன்னால் நின்றார்கள். அக்காவும் தங்கையும் இரண்டு தெரு தள்ளி இரண்டு தீவாக இருந்தார்கள். கோழைத்தனம்தான், வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

சார் வந்த அன்று காலையிலேயே அவர் அறையில் போய் நின்றேன். ரகசியம் என்று சொல்லி வாங்கியதை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பெயர் எங்கேயும் இல்லையே என்றார்.

"வரிசையில அஞ்சு பேர்தான் சார். அதுல ஒருத்தருக்குத்தான் கை முடியாது."

அவர் அலமாரியைத் திறந்து என் கோப்பை எடுத்தார். அனுமதிக் கடிதத்தை உருவி என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். 'ஆய்வறிக்கையின் முழுப் பிரதி ஒன்று நிறுவனத்துக்கு வழங்கப்படும் என உறுதி அளிக்கிறேன்.' அதற்குக் கீழே என் கையெழுத்து. ஒப்புதல் தாளிலும் அதே கையெழுத்து, அதே தேதி. தொழிலாளிக்கு ஒரு வாக்கு, முதலாளிக்கு ஒரு வாக்கு. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் ஒரே பேனாவால் நானே கொடுத்திருக்கிறேன்.

"படிக்காமலா கையெழுத்துப் போட்ட? நீ எச்ஆர் ஸ்டூடன்ட்மா," என்றார்.

அந்தக் கடிதத்தை முதலில் எழுதி வைத்தது யார் என்று கேட்டேன். தான்தான் என்றார், கொஞ்சமும் குரல் மாறாமல். அந்த நிறுவனம் வருஷம் இரண்டு பேரை நம் துறையிலிருந்து பயிற்சிக்கு எடுக்கிறது, சும்மா எடுப்பார்களா, அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா என்றார். ஆக எல்லாம் தெரிந்தேதான் எங்களை அந்த ஒப்புதல் தாளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார். சத்தமாக வாசித்தால் நம்புவார்கள். என்னை நம்பித்தான் சொல்வார்கள், அவரை நம்பி இல்லை. அதுதான் அந்தப் பாடம், அதற்குத்தான் எனக்கு முதல் மதிப்பெண்.

கத்த வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். என் அறிக்கை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். இந்த வருஷப் பயிற்சி இடங்களில் ஒன்று எனக்காம். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. யாராவது எதையாவது நீட்டினால் கை தானாகப் போய்விடுகிறது.

என் அறிக்கையும் தாள்களும் இருந்த கோப்பையும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன். என் குரலைக் கேட்டுக் கதவைத் திறந்தாள். குழந்தை மேல் என்ன கோபம் என்று நினைத்திருப்பாள். என்னை உட்காரவைத்து, இடது கையால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தண்ணீரைத் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் என்று நாலைந்து தடவை சொன்னேன். இரண்டு தாள்களையும் காட்டினேன். சித்தி அவற்றைப் பார்க்கவில்லை.

"என்னைப் பத்தி எழுதினதப் படி," என்றாள்.

படித்தேன். ஊழியர் 5, வயது நாற்பத்தாறு, அனுபவம் பத்தொன்பது வருஷம். வலது மணிக்கட்டில் இயக்கக் குறைபாடு. அப்புறம் அவளுடைய வாக்கியம், அவள் சிரித்துக்கொண்டே சொன்ன அதே வார்த்தைகள். அந்த இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தாமல் படி என்றாள். தேவைப்படும் ஆட்கள் நாலு, இருக்கும் ஆட்கள் ஐந்து. அதையும் படித்து முடித்தேன். என் மடியில் கிடந்த கவரைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

சித்தி கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா பொண்ணு கேக்குறான்னு நெனச்சுச் சொன்னேன்," என்றாள். "எச்ஆர் கேக்குதுன்னு தெரியாமப் போச்சு."

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் என்னைப் பார்க்காமல் போனை எடுத்து, இடது கட்டைவிரலால் தேடி, காதில் வைத்தாள். மறுமுனையில் அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. "அக்கா" என்றாள் சித்தி. அதற்குமேல் வார்த்தை வராமல் அழுதாள். அந்தப் பக்கம் அம்மாவும் அழுவது எனக்கே கேட்டது. என் மேல்தான் தப்பு, உன்னைச் சந்தேகப்பட்டேன், நீ இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது என்றாள் சித்தி. யார் சொன்னது என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். அதெல்லாம் விடுக்கா என்றாள். அம்மா உடனே கிளம்பி வருவதாகச் சொன்னது கேட்டது. தனியாக இருக்கிறாயா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்றும் அம்மா கேட்டாள்.

நான் அவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சித்தி என்னை நேராகப் பார்த்தாள். அன்று அவள் என்னைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"யாரும் இல்லக்கா," என்றாள். "நான் மட்டும்தான் இருக்கேன்."