மாப்பிள்ளை மாட்டிய ஃபில்டர்

கேக் செய்து விற்கும் அந்த அம்மாள் கார் ஓட்டப் பழகியதே ஐம்பது வயதுக்கு மேல்தான். மூன்றடுக்கு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வாடகை வண்டியில் போவதற்குள் உயிர் போய் உயிர் வந்துவிடும். அந்தத் தொல்லை பொறுக்காமல் ஒரு பழைய காரை வாங்கிப் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார். கேக்கில் ஒரு பூ கூட நலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பெயரும் எடுத்துவிட்டார்.

அந்தக் காருக்குத்தான் மாப்பிள்ளை புது ஏர் ஃபில்டர் வாங்கி வந்தார். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உள்ள இருக்கிறது வெறும் காகித ஃபில்டர். அழுக்கானா தூக்கிப் போடணும். இது துணி. கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். இன்ஜினுக்குக் காத்து தாராளமா போகும், வண்டி பறக்கும் பாருங்க!"

"பறக்கவெல்லாம் வேணாம் மாப்பிள்ளை. கேக் தாங்காது."

அவர் சிரித்துக்கொண்டே, தூசியைப் பிடிப்பதற்கென்று கூட வந்த எண்ணெயைப் பூசி மாட்டினார். பழைய ஃபில்டரை டிக்கியில் போட்டு வைத்தார்.

அடுத்த வாரம் சிக்னலில் பச்சை விழுந்தது. கிளட்சை விட்டதும் வண்டி திணறி, ஒரு குதி குதித்தது. பின்னால் பெட்டிக்குள் ஏதோ சரிந்த சத்தம். விருந்து மண்டபத்து வாசலில் நின்று, சரிந்த மேலடுக்கை நிமிர்த்தி கிரீம் பூசி ஒப்பேற்றினார். திரும்பும்போதும் அதே குலுக்கல்.

ஃபில்டர் நினைவுக்கே வரவில்லை. வந்ததெல்லாம் டாக்டர் சொன்னதுதான்: "சர்க்கரை இருக்கு. பாதம் மரத்துப்போகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

அன்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்காலைக் கிள்ளிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. வலித்தது மாதிரியும் இருந்தது, வலிக்காத மாதிரியும் இருந்தது. கிளட்சை எப்போது விடுகிறோம் என்று காலுக்கே தெரியவில்லை போலிருக்கிறது, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று முடிவு கட்டினார். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. வந்த ஆர்டர்களை ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்.

ஒரே ஒரு ஆர்டரை மட்டும் தட்ட முடியவில்லை. முன்பே ஒப்புக்கொண்டது.

"மாப்பிள்ளை, இன்னைக்கு நீங்க ஓட்டுறீங்களா? எனக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு."

"இதுக்குப் போய் கேக்கணுமா அத்தை?"

கேக் பெட்டியை மடியில் அணைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் சிக்னல். பச்சை. வண்டி திணறியது, குதித்தது.

"என்னங்க இது?" என்றார் மாப்பிள்ளை. அடுத்த சிக்னலிலும் அதே கதை. "கிளட்சை மெதுவாத்தான் விட்டேன் அத்தை, சத்தியமா!"

பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அத்தை சிரித்தார். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"கேக் சரிஞ்சுடப் போகுது, நீங்க சிரிக்கிறீங்களே!"

"உங்களுக்கும் குதிக்குதா மாப்பிள்ளை? அப்பாடா! நான் என் கால்தான் போச்சுன்னு நெனச்சேன்."

மீதி வழியில் எல்லாவற்றையும் கொட்டினார். மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. கேக்கைப் பத்திரமாக இறக்கிவிட்டு, நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினார். விரலெல்லாம் பிசுக்கு.

"இது வரும்போதே எண்ணெய் பூசித்தான் வரும். அதுக்கு மேலயும் பூசினீங்களா?"

"கொஞ்சம்... தாராளமா," என்றார் மாப்பிள்ளை.

"அதான். மிச்ச எண்ணெய் காத்தோட போய் இந்த சென்சர்ல ஒட்டிக்கிச்சு. எவ்வளவு காத்து வருதுன்னு அது தப்பா சொல்லுது, இன்ஜின் பெட்ரோலைத் தப்பா எடுக்குது. சுத்தம் பண்ணினா சரியாயிடும்."

"ஃபில்டரை என்ன பண்றது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"எண்ணெயை அளவா வெச்சா இதுவும் நல்லதுதாம்மா. ஆனா டவுனுக்குள்ள ஓட்டுறதுக்குக் காகிதமே போதும். நேரத்துக்கு மாத்தினா சரி."

சென்சரில் பிசுக்கு நீக்கும் மருந்தடித்து, நன்றாகக் காயவிட்டு, டிக்கியில் கிடந்த காகித ஃபில்டரையே தட்டி மாட்டினார். இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்க அத்தை. நல்லது பண்றேன்னு நெனச்சு..."

"அட விடுங்க! கெட்டது ஃபில்டர்தானே, காலா? எனக்கு இப்போ ஆகாசத்துல மிதக்கிற மாதிரி இருக்கு."

"இருந்தாலும் காலை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரி, போகலாம். இப்போ சாவியைக் கொடுங்க."

சாலை நெரிசலாக இருந்தது. நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து வீட்டுப் பக்கம் திரும்பும்போதுதான் பேச்சுச் சத்தமே இல்லையே என்று கவனித்தார். பக்கத்தில் மாப்பிள்ளை வாயை லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.