இரும்பு அலமாரியில் வளர்ந்த அதிசயம்

எங்கள் ஆய்வகத்தில் இயக்குநர் வைத்ததுதான் சட்டம். அவருடைய மாப்பிள்ளை செய்ததுதான் ஆராய்ச்சி. போன மாதம் அந்த மாப்பிள்ளை ஒரு வளர்ச்சி மருந்து கண்டுபிடித்தார். யாராவது ரகசியத்தைத் திருடிவிடுவார்களோ என்று பயந்து, மருந்து தெளித்த பயறு விதைகளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர் தெளித்த விதைகளை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

எட்டாம் நாள் அலமாரி திறந்தது. ஜன்னலோர நாற்றுகள் பச்சைப்பசேலென்று நாலு விரல் உயரத்தில் நின்றன. அவருடையவை சாண் உயரம். சோகை பிடித்த வெளுப்பு, விரியாத இலை, கூன் விழுந்த கழுத்து. அதனால் என்ன, அளவுகோலுக்கு நிறம் தெரியுமா?

"மாப்பிள்ள, மூணு மடங்கு!" என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், வெளிச்சம் பட்டாத்தான் தண்டை நீட்டுற ஹார்மோனுக்குக் கடிவாளம் விழும். இருட்டுல அது தறிகெட்டு ஓடும். இது மருந்து செஞ்ச வேலை இல்ல, அலமாரி செஞ்ச வேலை."

"வயித்தெரிச்சல்," என்றார் மாப்பிள்ளை.

நான் அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினேன். அவர் பூட்டுவதற்கு முன் நான் அங்கே ஒளித்து வைத்த விதைகள் நாற்றுகளாகியிருந்தன. வெறும் தண்ணீரில் வளர்ந்தவை. அதே வெளுப்பு, அதே கூன், உயரம் மட்டும் அவருடையதைவிட அரை அங்குலம் கூடுதல்.

மாப்பிள்ளையின் முகமும் அந்த நாற்றின் நிறத்துக்கு வந்தது. இயக்குநர் அசரவில்லை. மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"விடுங்க மாப்பிள்ள, இருட்டுக்கே காப்புரிமை வாங்கிடலாம்."