மார்ச் பதினேழாம் கட்டம்

மார்யோலைன் செய்த தப்பு அவள் வீட்டுக் கழிவறைச் சுவரில், வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கியது. ஒளிக்க வேண்டியதை ஊரே பார்க்கிற இடத்தில் மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் சமையலறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள் என்றால், ஐம்பத்துநாலு வயதில் அவளுக்கு எவ்வளவு புத்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் காலண்டரைத்தான் சொல்கிறேன். எங்கள் டேவென்டர் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அது கழிவறையில்தான் இருக்கும். வருடம் கிடையாது, கிழமை கிடையாது. மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் பேர். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இருப்பதால் மறந்துவிட்டேன் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அடுத்தவர் வீட்டுக் கழிவறைக்குள் நுழைந்ததும் நம் பேர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவோம். நான் தேடமாட்டேன் என்று சொல்கிறவர் வாய்கூசாமல் பொய் சொல்கிறார். பேர் இருந்தால் அந்த வீட்டுக்கு நாம் வேண்டியவர்கள். இல்லாவிட்டால் சிரித்த முகமாக வெளியே வந்து, கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மார்யோலைன் வீட்டுப் பழைய காலண்டர் இருபத்திரண்டு வருடம் ஒரே ஆணியில் தொங்கியது. பிப்ரவரியில் அவள் கணவன் யெல்லே கழிவறைக்குப் புது டைல்ஸ் ஒட்டினான். பளபளக்கிற சுவரில் அந்த மஞ்சள் பூத்த காகிதத்தை மறுபடி மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பறவைப் படம் போட்ட புதியது ஒன்று வாங்கிவந்து, மார்ச் முதல் ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பழையதைப் பார்த்துப் பேர்களை எழுதத் தொடங்கினாள். இறந்துபோன பெரியப்பாவையும், ஊரைவிட்டே போய்விட்ட பழைய பக்கத்துவீட்டுக்காரர்களையும் எழுதாமல் தாண்டினாள். மார்ச் பதினேழுக்கு வந்ததும் பேனா நின்றது.

அந்தக் கட்டத்தில் ரூட் இருந்தான். அவள் சிநேகிதி ஹன்னெகேயின் கணவன். மற்ற பேரெல்லாம் மார்யோலைன் கையால் எழுதியது. ரூட் மட்டும் தன் பேரைத் தானே எழுதிக்கொண்டவன். காலண்டர் மாட்டிய முதல் வாரமே சாப்பிட வந்தவன், கழிவறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. அப்புறம் போய்ப் பார்த்தால், பதினேழில் தடித்தடி எழுத்தில் "ரூட். பரிசு கட்டாயம்" என்று எழுதியிருந்தது. கட்டம் போதாமல் எழுத்து பதினெட்டையும் பத்தொன்பதையும் மிதித்துக்கொண்டுபோய், இருபதாம் தேதியில் இருந்த மார்யோலைன் பேரின் தலையில் இடித்து நின்றது. இருவருக்கும் மூன்று நாள்தான் வித்தியாசம் என்பதால் அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் நடுவில் வருகிற ஏதோ ஒரு நாளில், ஒரே கேக்கில், இரண்டு பிறந்தநாளையும் சேர்த்தே கொண்டாடினார்கள்.

ரூட் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அக்டோபர் மாதம், சைக்கிளைப் பூட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது.

அதற்கடுத்து வந்த மார்ச் பதினேழில் மார்யோலைன் பூங்கொத்து வாங்கிக்கொண்டு ஹன்னெகே வீட்டுக்குப் போனாள். ஹன்னெகே கதவைத் திறந்தாள். எங்கள் பக்கம் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. அவர் பெண்டாட்டிக்கு, பிள்ளைக்கு, நாத்தனாருக்கு, சிநேகிதருக்கு, அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் கைகுலுக்கி, "உங்கள் கணவருக்காக வாழ்த்துகள்", "உங்கள் அண்ணனுக்காக வாழ்த்துகள்" என்று வரிசையாகச் சொல்லவேண்டும். இருபது வருடம் சொன்ன பழக்கதோஷத்தில், "உன் ரூட்டுக்கு வாழ்த்துகள்" என்பது அவள் நுனிநாக்குவரை வந்துவிட்டது. பதறிப்போய் அதை விழுங்கிக்கொண்டு, வெளியே காற்று பலமாக இருக்கிறது என்றாள். ஹன்னெகே அன்று மத்தியானம் முழுக்க அழுதாள். மார்யோலைன் எதிரே உட்கார்ந்து காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று வீடு திரும்பினாள். திரும்பி வரும் வழியெல்லாம் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது பேனாவோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. பேரை எழுதினால், பதினேழாம் தேதி காலையில் அது கண்ணில் படும். பட்டால் ஏதாவது செய்தாகவேண்டும். என்ன செய்வது, என்ன சொல்வது? செத்தவர்களை யார் காலண்டரில் எழுதுகிறார்கள், பெரியப்பாவை விடவில்லையா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கட்டத்தைக் காலியாக விட்டு இருபதுக்குப் போனாள். பழைய காலண்டரைக் காகிதக் குப்பைத்தொட்டியில் போட்டாள். இதில் ஒரு நியாயமும் இல்லை, பயம்தான் என்று அப்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

பதினேழாம் தேதி புதன்கிழமை. மார்யோலைன் பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். அன்று காலையிலிருந்து தொலைபேசி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யார் யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்தாள். ஹன்னெகேயின் எண்ணை மட்டும் அழுத்தவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழிவறையில் உட்கார்ந்தபோது காலிக் கட்டம் அவளைப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவள் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காப்பி, ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக் என்று வழக்கம்போல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. யெல்லேயின் அக்கா சிட்ஸ்கே முதல் ஆளாக வந்து நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஹன்னெகே கொஞ்சம் தாமதமாக வந்தாள். வழக்கப்படி மார்யோலைனைக் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டாள், யெல்லேக்கு அவன் மனைவிக்காகவும் சிட்ஸ்கேக்கு அவள் தம்பி மனைவிக்காகவும் வாழ்த்துச் சொன்னாள், ஈரக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். அப்புறம் நேரே கழிவறைக்குப் போனாள்.

யெல்லே மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். இது அவர்களுக்குள் ஓடுகிற பழைய கிண்டல். இந்த ஒன்றரை வருடமாக ஹன்னெகே வந்த கால் ஆறுவதற்குள் கழிவறைக்குப் போய்விடுவாள். கிளம்பும் முன்னால் இன்னொரு தடவையும் போவாள். வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான், வெட்கப்படாமல் டாக்டரைப் பார் என்று போன இலையுதிர்காலத்தில் மார்யோலைனே அவளுக்குப் புத்திமதி சொன்னதுண்டு. ஹன்னெகே சரி என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவள் சீக்கிரமே வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியில் உட்காரவில்லை, கேக் தட்டைக் கையில் வாங்கவில்லை. நாயைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன், போகணும் என்று வட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு, அந்த ஈரக் கோட்டையே மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த நாய் நாளைக்கு இருபது மணிநேரம் தூங்குகிற கிழநாய் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மார்யோலைன் காப்பிக் கெண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழிட்டாள். மார்ச் மாதத் தாள், ஒரு மீன்கொத்தி, பதினேழு காலி. இருபதில் அவள் பேர் மட்டும் அழகான கையெழுத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மூன்று பிள்ளைப்பேறு, ஒரு வேலைபோனது, இரண்டு தாய்மார்களின் சாவு, இவ்வளவையும் சேர்ந்தே கடந்த சிநேகிதம் இது. பிள்ளைகளின் நீச்சல் வகுப்பில், குளோரின் நாற்றத்துக்கு நடுவே ஒரு பெஞ்சில் தொடங்கியது. அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை இன்று தன் கையாலேயே தள்ளிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

பின்வாசல் வழியாகப் போய்க் காகிதத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். அடியில் இரண்டு விளம்பரத் தாள்கள் மட்டும் கிடந்தன. பின்னாலேயே வந்த யெல்லே, போன வாரமே வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதே, என்ன தேடுகிறாய் என்றான். அவள் சொன்னாள். யெல்லே வளவளவென்று பேசுகிறவன் இல்லை. தொட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, "நீ போ. இவங்கள நான் பாத்துக்கறேன்" என்றான்.

தன் பிறந்தநாள் வட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்காரியே வெளியே போவது டேவென்டரில் நடக்கிற காரியமா? காலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் சைக்கிளை எடுத்தபோது, சிட்ஸ்கே ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வை வருகிற கிறிஸ்துமஸ் வரைக்கும் போதும். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. தூறலில் கால்வாயைத் தாண்டி மூன்று தெரு மிதித்துப்போய் அதையும் செய்தாள்.

ஹன்னெகே கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.

"வந்தவங்கள அங்க விட்டுட்டு இங்க எதுக்குடி வந்த?"

"ரூட் பேர விட்டுட்டேன்."

"பாத்தேன்."

மறந்துபோய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஹன்னெகே நம்பவும் கூடும். வழியெல்லாம் மார்யோலைன் அந்தப் பொய்யைத்தான் வாயில் போட்டு மென்றுகொண்டு வந்தாள். வாசலில் நின்றபோது அது வரவில்லை.

"மறந்துபோய் விடல. வேணும்னேதான் விட்டேன்."

ஹன்னெகே கதவை அகலத் திறந்து, உள்ளே வா, நனையாதே என்றாள். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாய் மேஜைக்கடியில் குறட்டை விட்டது. பழைய காலண்டர் எங்கே என்று ஹன்னெகே கேட்டாள். போய்விட்டது என்று மார்யோலைன் சொன்னதும் ஹன்னெகே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் காலண்டர அவன் செத்த வாரமே கழட்டி எறிஞ்சேன்" என்றாள். "அப்ப என்னால அதப் பாக்க முடியல. அப்புறம் பாக்கணும்போல இருந்துச்சு, ஆனா இல்ல. உன் வீட்லதான் அவன் கையால எழுதினது இருந்துச்சு. பரிசு கட்டாயம்னு. அதப் பாக்கத்தான்டி வந்ததும் உள்ள போவேன். போறப்ப இன்னொரு தடவ. நீ என்னடான்னா டாக்டரப் பாருங்கற. என் மூத்திரப்பைக்கு ஒரு கேடும் இல்ல."

மார்யோலைனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. ஹன்னெகே சிரிக்கவில்லை.

"புதன்கிழமை நீ ஃபோன் பண்ணுவன்னு இருந்தேன்" என்றாள். "ஃபோனக் கையிலயே வச்சிருந்தேன்."

"என்ன சொல்றதுன்னு தெரியல. நீ அழுதுருவியோன்னு பயம்."

"அழுதேன். தனியா அழுதேன், அவ்வளவுதான்."

மன்னித்துக்கொள் என்றாள் மார்யோலைன். அது போதாது என்று இருவருக்கும் தெரிந்தது. பையிலிருந்து காலண்டரை எடுத்து மேஜைமேல் விரித்து, பேனாவை ஹன்னெகேயிடம் நீட்டினாள். ஹன்னெகே வாங்கவில்லை.

"நீ எழுது. விட்டவ நீதானே."

மார்யோலைன் குனிந்து எழுத ஆரம்பித்தாள். பல் மருத்துவரின் பதிவேட்டில் எழுதி எழுதிப் பழகிய பொடி எழுத்து அது. முதல் எழுத்து முடிவதற்குள் ஹன்னெகே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சின்னதா எழுதாதடி. அவன் எத சின்னதா பண்ணான்?"

மார்யோலைன் அந்த எழுத்தின் மேலேயே தடித்தடியாக எழுதினாள். கட்டத்தைத் தாண்டினாள், பதினெட்டைத் தாண்டினாள், பரிசு கட்டாயம் என்று முடிக்கையில் பேனா அவள் பேரின் தலையில் வந்து இடித்தது. அவனுடைய கையெழுத்துபோல் அது இல்லவே இல்லை. ஹன்னெகே வெகுநேரம் அதைப் பார்த்தாள், ஈரம் காய்வதற்காக ஊதினாள்.

அப்போது மார்யோலைன் எழுந்து நின்றாள். ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்ல, மேஜையைச் சுற்றிப்போய் ஹன்னெகேயின் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"வாழ்த்துகள், ஹன்னெகே. உன் ரூட்டுக்கு."

ஹன்னெகேயின் முகம் உடைந்தது. இந்தத் தடவை மார்யோலைன் காற்றைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசவில்லை. அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை நின்றாள். முடிந்ததும் ஹன்னெகே கோட்டின் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முறை தவறாமல் அவளை மூன்று முறை முத்தமிட்டாள்.

"உனக்கும் வாழ்த்துகள்டி" என்றாள். "அவன் உனக்கும்தானே ஃப்ரெண்டு."