ராம்கி அடைத்த ஜன்னல்

வைட்ஃபீல்டு ராம்கிக்குத் தெரியாத விஷயமே கிடையாது, அவரே சொல்லுவார். கீழ்வீட்டு ஷெர்வின் காலையிலேயே மீன் பொரிக்கிறான், அந்த வாசனை தன் குளியலறையின் மேல்ஜன்னல் வழியாக ஏறி வருகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். தெர்மாகோல் அட்டையை வைத்து, பழுப்பு டேப்பால் இரண்டு சுற்று ஒட்டி ஜன்னலை அடைத்தார். உள்ளே காஸ் கீசர் எரிகிறதே, புகை எங்கே போகும் என்று மனைவி வீணா கேட்டாள்.

"நான் எஞ்சினியர்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாம் நாள் காலை குளிக்கப் போன வீணா அரைமணியாகியும் வரவில்லை. ராம்கி தட்டினார், கத்தினார், கதவை இடித்துத் தோளை நோக வைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஷெர்வின் ஒரே உதையில் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். வீணா தரையில் கிடந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சார், சீக்கிரம் டவல் போடுங்க, வெளிய தூக்கணும்" என்றான்.

கீசர் புகையில் வந்த கார்பன் மோனாக்சைடு விஷம், உடனே ஆக்ஸிஜன் வைக்கணும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ராம்கி விடுவாரா? கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைப் பையிலிருந்து எடுத்து வீணாவின் விரலில் மாட்டினார்.

"பாருங்க டாக்டர், நைன்ட்டி எய்ட்! ஆக்ஸிஜன் எதுக்கு? லோ பிபிதான்."

"ரத்தத்துல இருக்கறது ஆக்ஸிஜனா, விஷப்புகையான்னு அந்த மெஷினுக்குத் தெரியாது சார். உங்களுக்கும் தெரியல. தள்ளி நில்லுங்க" என்று டாக்டர் அவள் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்.

மதியம் கண்விழித்த வீணா, "நீங்க யாரு?" என்றாள். அன்றுதான் ராம்கி வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலைக்குள் தெளிந்துவிட்டாள். ஆனாலும் சில வாரம் கழித்துக்கூட ஞாபகம் தடுமாறலாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். ராம்கி தினமும் காபியோடு தேதி, கிழமை, மகளின் போன் நம்பர் என்று கேள்வி கேட்டார். அவள் தயங்கும்போதெல்லாம் பதறிப்போய் மறுபடி கேட்டார். உறவினர்களிடம் மட்டும், கீசர் கோளாறு என்று சொல்லிவைத்தார்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் வீணாவிடம் கேட்டார்: "எப்படிம்மா ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

"கீசர்..." என்று ஆரம்பித்தார் ராம்கி.

"அவங்க சொல்லட்டும்."

"சனிக்கிழமை சாயங்காலம் இவர் ஜன்னலை அடைச்சார். தெர்மாகோல், பிரவுன் டேப், ரெண்டு சுத்து. புகை எங்க போகும்னு கேட்டேன். நான் எஞ்சினியர்னார்."

"ஞாபகம் பிரமாதம்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

ராம்கி தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை அவமானத்திலும் சந்தோஷத்தில் அழுகை வந்தது; அவள் ஒன்றையும் மறக்கவில்லை.