செயலாளர் வருந்துகிறது

தீ அணைந்த ஒன்பதாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு, நிவாரண வரிசையில் நூற்றுப் பதினேழாவதாக வந்து நின்றவர் ஒரு கரடி. முன்னால் நின்ற தபால்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வரிசை நகர்ந்ததும் ஓரடி நகர்ந்தார். கரடியும் ஓரடி நகர்ந்தார். யாரும் கத்தவில்லை. பதினோரு நாள் மலை எரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு, இடையில் புகுந்து முண்டாமல் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி என்றாகிவிட்டது. கரடியின் நாலு பாதங்களும் வெந்துபோயிருந்தன. மேசையில் இருந்த நிவாரணக் குழுச் செயலாளர் தலையை நிமிர்த்தாமல், "அடுத்து யாரு?" என்றார். "கரடிங்க" என்றார் தபால்காரர். ஊரில் பாதிப் பேர் பட்டப்பெயரில்தான் நடமாடுகிறார்கள், ஆகவே செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். "வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டார். கரடி ஒரு பாதத்தைப் பதிவேட்டின் மேல் வைத்து எடுத்தார், மறுபடியும் வைத்து எடுத்தார். பக்கத்தில் நின்ற தையல்கார அக்கா, "ரெண்டு பேருங்க. இன்னொண்ணு மேலயே இருக்குபோல" என்று விளக்கினார். அதற்கு முன் நூற்றுப் பதினாறு பேருக்கு 'வந்தார்' 'வந்தார்' என்று எழுதிப் பழகிய கை, இதற்கும் 'கரடி. வந்தார்' என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டது. அதன் பிறகுதான் செயலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தச் செயலாளர் யார் என்றால், இதை எழுதுகிற ஆசாமியேதான். குழுவின் குறிப்புகளில் 'நான்' என்ற சொல் வரக் கூடாது என்று விதி போட்டவரும் அவரே, ஆகவே கடைசிவரை அவர் செயலாளராகவே வருவார். முப்பத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். பெயர்ப்பலகையில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தால் அந்தக் கடையில் சோப்புக்கூட வாங்க மாட்டார். ஊர் அவருக்கு 'ஒற்று' என்று பெயர் வைத்திருந்தது. அது தனக்குத் தெரியாது என்று ஊர் நினைப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தீ மலையுச்சியைத் தாண்டிய அன்று, மேட்டுத் தெருவைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பை எழுத உட்கார்ந்து, 'காட்டுத் தீ' என்று பிரிப்பதா, 'காட்டுத்தீ' என்று சேர்ப்பதா என்று இருபது நிமிடம் யோசித்த மகானுபாவரும் அவர்தான். ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகிற அறிவிப்பு அது; இடைவெளி யார் காதிலும் விழப்போவதில்லை. அந்த இருபது நிமிடத்தில் தையல்கார அக்கா ஒரு தகர வாளியைக் கரண்டியால் அடித்துக்கொண்டே தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, நாற்பத்தொரு வீட்டையும் காலி செய்ய வைத்துவிட்டார். வீடுகள் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அக்கா தன் வீட்டிலிருந்து எடுத்து வந்தது தையல் மெஷினின் தலையை மட்டும். அதைப் பற்றி அவர் செயலாளரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. செயலாளருக்கு அந்த இருபது நிமிடம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பதும் செயலாளர் போட்ட விதி. ஆகவே வந்தவர் வந்தவர்தான். பள்ளிக்கூடத்து உள்விளையாட்டுக் கூடத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகச் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டாவது கட்டம் கரடிக்கு. ஒரு பாய், ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு சோப்பு. மறுநாள் மூன்று மான்கள் வந்தார்கள். முள்ளம்பன்றி வந்தார், போர்வை வாங்கினார், இரண்டாம் நாள் நூறு ஓட்டையோடு அதைத் திருப்பிக் கொடுத்தார். ஆந்தை வரிசையில் நின்றபடியே தூங்கிவிடுவார், பின்னால் நிற்பவர் மெல்லத் தள்ளிவிட வேண்டும். இப்படி அறுபத்து மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு 'ஆர்' போட்டுவிட்டு இன்னொருவருக்கு 'அது' போட்டால் பதிவேடு அசிங்கமாக இருக்கும் என்று செயலாளர் எல்லாருக்குமே 'ஆர்' போட்டார். பிழையைக்கூட ஒரே சீராகச் செய்கிற புத்தி அவருடையது, என்ன செய்ய. கால்நடை டாக்டரம்மா நாளுக்கு இரண்டு தடவை வந்து களிம்பு தடவினார். அக்கா மெஷின் தலையை ஒரு பெஞ்சில் திருகி, கையாலேயே சுற்றி, கரடியின் நாலு பாதத்துக்கும் பஞ்சு வைத்த உறை தைத்தார். குறட்டையைப் பற்றிக் குழுவுக்கு ஏழு புகார்கள் வந்தன. விசாரித்ததில் நான்கு தபால்காரருடைய குறட்டை என்று தெரிந்தது.

கரடி தன் பங்கு ரொட்டியைச் சரிபாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை மலை தெரியும் ஜன்னலில் வைப்பார், தொட மாட்டார். மேலே கருகிக் கிடந்த சரிவில் ஒரு பாறை இடுக்கில் அவருடைய குட்டி மாட்டிக்கொண்டிருந்தார். தீயணைப்புக்காரர்கள் மூன்று முறை போனார்கள். மனித வாடை பட்டதும் குட்டி பின்னால் நகர்ந்தார். இடுக்கின் அந்தப் பக்கம் பள்ளம், இன்னும் இரண்டடி நகர்ந்தால் போச்சு. அவர்களால் ஈரத்துணியையும் ரொட்டியையும் எறிந்துவிட்டுத் திரும்பத்தான் முடிந்தது. சாம்பலுக்கடியில் வேர்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்ததால் தாயாலும் ஏற முடியாது. "இன்னும் நாலு நாள் தாங்கினா பெரிசு" என்றார் டாக்டரம்மா. கூடத்தில் எல்லாரும் அந்த ஜன்னலைப் பார்க்காதமாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: கூடத்தில் உள்ள விலங்குகள் வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றப்பட்டு, ஒரு பகல் தூரத்திலுள்ள காப்பகத்துக்கு அனுப்பப்படும். தாய் போய்விட்டால் குட்டியைக் கீழே கொண்டுவந்தும் புண்ணியமில்லை. பதிவேட்டின்படி கூடத்தில் இருப்பவர்கள் அனைவரும் உயர்திணை, விலங்கு எதுவும் பதிவாகவில்லை என்று செயலாளர் பதில் அனுப்பினார். அதை வீரம் என்று யாரும் எண்ண வேண்டாம். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. புதன்கிழமை அதிகாரியே நேரில் வந்து, நின்றபடியே பதிவேட்டைப் புரட்டினார். "என்ன சார் இது, முள்ளம்பன்றி போர்வை வாங்கினார்னு எழுதி வெச்சிருக்கீங்க! ஸ்கூல்ல தமிழ் படிச்சீங்களா இல்லையா?" முப்பத்திரண்டு வருடம் அடுத்தவருக்குச் சிவப்பு மை காட்டியவர், அன்று காதுவரை சிவந்து நின்றார். அடிக்க முடியாது என்றால் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று எழுதி ஒட்டுங்கள், முதல் பக்கத்தில் மன்னிப்பு, அடுத்தடுத்த பக்கங்களில் ஒவ்வொரு 'வந்தார்' என்பதையும் 'வந்தது' என்று படிக்கவும் என்று அதிகாரி உத்தரவிட்டார்.

செயலாளர் வெற்றுத்தாளில் முதலில் கையைப் பழக்கினார். வந்தது, நின்றது, வாங்கியது, தூங்கியது. அறுபத்து மூன்று உயிர்களுக்கும் எழுதி முடித்தபோது கை நன்றாகப் பழகிவிட்டது, அவருடைய கை எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பிறகு நல்ல தாள் எடுத்து மன்னிப்பை எழுதினார்: "பதிவேட்டில் செயலாளர் தவறு செய்தது. அதற்காகச் செயலாளர் வருந்துகிறது." ஜீப்பில் ஏறும் அவசரத்தில் இருந்த அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, முதல் பக்கத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "மீதிய நாளைக்கு அனுப்புங்க" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து செயலாளர் அஃறிணை. மீதியை எழுத உட்கார்ந்த அதன் தோளில் ஒரு காகம் வந்து அமர்ந்து, எழுதுவதைப் பார்த்தது. பத்து வருடமாக அதைக் கண்டாலே குரைக்கும் அச்சகத்து நாய், வாசனை பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே சுருண்டு படுத்தது. வீட்டுக்குப் போனால், அதன் மனைவி போனில் மகளிடம், "உங்கப்பா இப்பதான் வந்துச்சு, இன்னும் சாப்பிடல, அது பாட்டுக்கு நிக்குது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முப்பது வருடமாக மனசுக்குள் அப்படித்தான் சொல்லிவந்தார்போல, சரளமாக வந்தது.

வியாழக்கிழமை காலை, செயலாளர் மான்களின் கட்டத்தை மிதித்துக்கொண்டு நடந்ததையும், மான்கள் காதைக்கூட அசைக்காததையும் அக்கா பார்த்துவிட்டார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தீக்குப் பிறகு முதன்முறையாக, பதிவேட்டு விஷயத்தைத் தாண்டிச் செயலாளரிடம் பேசினார்.

"ஐயா, உங்களப் பாத்து மான் ஓடல."

"அது... கொஞ்சம் இலக்கணப் பிரச்சனம்மா."

"என்ன பிரச்சனையோ இருக்கட்டும். அந்தக் குட்டியும் ஓடாது. மேல போங்க."

"எனக்கு முட்டி வலி."

"தெரியும்."

"மலையேறிப் பழக்கமில்ல. சூடா வேற இருக்கும்."

"தெரியும்" என்று மறுபடியும் சொன்ன அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இந்தத் தடவ யோசிக்காம போங்க ஐயா."

செயலாளர் போனது. தீயணைப்புக்காரர் ஒருவருடைய பூட்ஸ், இரண்டு சைஸ் பெரிசு. தோளில், அச்சக நாட்களில் திருத்த வேண்டிய மெய்ப்புத்தாள் சுமந்த பழைய துணிப்பை. சாம்பல் எல்லைவரை டாக்டரம்மாவும் அக்காவும் வந்தார்கள், அதற்கு மேல் தனியாக ஏறியது. நாலு முறை வழுக்கியது, ஒரு முறை உட்கார்ந்து வந்த காரியத்தை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தது, உட்கார்ந்த இடம் சுட்டதால் எழுந்துகொண்டது. பாறை இடுக்கில் இரண்டு கண்கள் தெரிந்தன. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியவில்லை. பதிவேட்டில் இருப்பவர்களை மரியாதையாகத்தானே அழைக்க வேண்டும் என்று, "வாங்க" என்றது. குட்டி பின்னால் நகரவில்லை. மூக்கை நீட்டி முட்டியை முகர்ந்தார், சட்டையை முகர்ந்தார், பிறகு ஒரு தலையணை எடைகூட இல்லாத உடம்போடு மடியில் ஏறி, அதன் கக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். செயலாளர் அழுதது. குட்டிக்காக அழுததா, அந்த இருபது நிமிடத்துக்காக அழுததா என்று பிரித்து எழுத அதற்குத் தெரியவில்லை, முயற்சி செய்யவும் இல்லை. பையில் குட்டியை வைத்துக்கொண்டு இறங்கி வந்து நாற்பத்திரண்டாவது கட்டத்தில் விட்டது. தாய் குட்டியை நக்கி முடித்துவிட்டு, அதே மூச்சில் செயலாளரின் வழுக்கைத் தலையையும் ஒருமுறை நக்கினார். அன்று மத்தியானம் ஜன்னலில் இருந்த ரொட்டிகள் எல்லாம் காலி.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. பிழைதிருத்தத்தின் மீதிப் பக்கங்கள் எழுதப்படவே இல்லை; ஓட்டுநரிடம் இருந்தது முதல் பக்கம் மட்டும். அதைக் கூடத்து வாசலில் நின்று இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். "பேப்பர்படி இங்க அஃறிணை ஒண்ணே ஒண்ணுதான். செயலாளர்னு போட்டிருக்கு. அது எங்க?" அறுபத்து மூன்று பேரும் நாற்பத்தொரு குடும்பமும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் எழுந்து வந்தது. "ஏறுங்க... ஏறு... அட, என்னத்தச் சொல்றதுன்னே தெரியலயே" என்று ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். செயலாளர் யோசிக்காமல் ஏறிக்கொண்டது. அக்கா கம்பிக்கு வெளியே நின்று கால் ரொட்டி ஒன்றைக் கொடுத்தார், அவ்வளவு பேர் முன்னால் அதைத் தின்ன வெட்கமாக இருந்தது. காப்பகத்தில் எடை போட்டார்கள், பல்லைப் பார்த்தார்கள், 'வயதானது, சாது, முட்டியில் தேய்மானம்' என்று அட்டையில் எழுதினார்கள், அடைக்கத் தோதான கூண்டு இல்லாததால் இரண்டு வாழைப்பழம் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார்கள். நடத்துநர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். 'ஒன்று பெறப்பட்டது' என்ற காப்பக ரசீது மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், விலங்குகள் அனுப்பப்பட்டுவிட்டன என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

பிறகு மழை வந்தது. சரிவில் முதலில் புல்லும் அப்புறம் தளிரும் வந்தன. மேட்டுத் தெருவில் ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டு நாற்பத்தொரு வீடும் எழுந்தன. கூடத்திலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், பதிவேட்டில் 'கிளம்பினார்' என்று எழுதப்பட்டது. கடைசியாகக் கிளம்பியவர் கரடி. பாயைச் சுருட்டி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குட்டியை முன்னால் விட்டுப் போனார். வருடா வருடம் கோடை முடியும்போது இருவரும் இறங்கி வந்து கூடத்து வாசலில் வரிசையில் நிற்பார்கள், வரிசையே இல்லாவிட்டாலும். குட்டி இப்போது தாயைவிட உயரம். பாதம் பதித்து, ஆளுக்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆறாவது வருடம் புதிதாக மாறி வந்த அதிகாரி, பழைய காகிதங்களைப் புரட்டியவர், மன்னிப்புப் பக்கத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். கோடை முடிவில், கரடிகள் இறங்கி வரும் நாளன்று கூடத்துக்கு வந்து, "ஒரே ஒரு வரி போதும் சார், உங்கள திரும்ப 'ஆர்' ஆக்கிடலாம்" என்று பேனாவை நீட்டினார். செயலாளரின் தோளில் காகம் இருந்தது, காலடியில் நாய் இருந்தது, வாசலில் கரடியும் குட்டியும் நின்றார்கள். "இருக்கட்டும் சார்" என்றது. அதிகாரிக்கு விளங்கவில்லை. மூலையில் யாருடைய சட்டைக்கோ பொத்தான் வைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "விட்டுருங்க சார். அது நல்லது."

செயலாளர் பழக்கதோஷத்தில் அந்த வாக்கியத்தை மனசுக்குள் எழுத்தெழுத்தாகப் பார்த்தது. திருத்த ஒன்றும் இல்லை. எழுந்துபோய் ரொட்டியை எடுத்து வந்தது.