தினம் ஒரு பென்சில்

அக்காவும் அத்தானும் பிரிந்து நான்கு மாதம் ஆகிறது. பிரிந்தது அவர்கள்தான், மச்சான் பதவியிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. ஆகவே, அக்காவிடம் வளரும் மகளுக்கு அத்தான் மாதாமாதம் என்ன தருவது என்று பேசி முடிக்க, வக்கீலைவிட மலிவாக நான் கிடைத்தேன்.

பேச்சுவார்த்தை அக்கா வேலை பார்க்கும் பல் கிளினிக்கில், மதிய இடைவேளையில். சுவரில் ஒரு ராட்சதக் கடைவாய்ப்பல் படம். அத்தான் பேக்கரி அடுப்படியிலிருந்து நேராக வந்திருந்தார், புருவமெல்லாம் மாவு.

அக்கா ஒரு தொகையைச் சொன்னாள். "ஒண்ணாந் தேதி பேங்க்ல போட்டுடணும். அவ்வளவுதான்."

"பாதி பணம், பாதி பொருள்," என்றார் அத்தான். "ரொட்டி, பென்சில், சாக்ஸ் எல்லாம் நானே கொண்டுவந்து குடுத்துடறேன்."

"ரொட்டியா? இருக்கிற சொத்தைப் பல்லு போதாதா?"

"சரி, ரொட்டி வேணாம். பென்சில்?"

"மொத்தமா ஒரு டப்பா வாங்கிக் குடுத்துடுங்க."

"அது சரிப்படாது. தினம் ஒண்ணா கொண்டாறேன்."

"அவ படிக்கிறது ஒண்ணாங் கிளாஸு. தினம் ஒரு பென்சில் தேயறதுக்கு அவ என்ன கோர்ட்டு குமாஸ்தாவா?"

"அப்ப சாக்ஸ்?"

"அதையும் ஒத்தை ஒத்தையா கொண்டுவருவீங்களா? திங்கக்கிழமை இடது காலு, செவ்வாக்கிழமை வலது காலு?"

அத்தான் இந்த யோசனையை உண்மையிலேயே பரிசீலிப்பதாகத் தெரிந்தது. நடுவர் என்ற முறையில் குறுக்கிட்டேன்.

"அத்தான், பாதிப் பணத்த அமுக்கப் பாக்கறீங்களா?"

"முழுசாவே தரேன் மச்சான். காசா பிரச்சனை? பேங்க்ல போட்டா காசு அது பாட்டுக்குப் போயிடும். அப்புறம் நான் என்ன சாக்கு சொல்லி பெல் அடிக்கிறது?"

பேரம் பேசுவதற்காக இரண்டு நாள் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன். அத்தனையும் வீண். அக்கா அந்தக் கடைவாய்ப்பல்லை, இதுவரை பார்த்தே இராததுபோல், வெகுநேரம் ஆராய்ந்தாள்.

"பணம் முழுசும் பேங்க்ல," என்றாள் கடைசியில். "காலைல அவளப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடறது உங்க வேலை. எட்டு மணிக்கு வாங்க."

"ஏழுக்கே வரட்டா?"

"ஏழுக்கு அவ தூங்கிட்டிருப்பா."

"பரவாயில்ல. வாசல்ல நிக்கிறேன்."

"மழை பெஞ்சா?"

அத்தான் புருவத்து மாவை அவசரமாகத் துடைத்துக்கொண்டார். அக்கா கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. மழை என்னுடைய அதிகார வரம்புக்குள் வராது என்பதால், நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.